மறதி நோய் வந்த பெரியவருடன் சீட்டு விளையாடுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

வீட்டுப் பெரியவருக்கு மறதி நோய் என்று டாக்டர் சொன்னதும், பிள்ளைகள் பலரும் முதலில் தேடுவது ஞாபகசக்தி விளையாட்டு. சீட்டுகளைக் கவிழ்த்துப் பரப்பி, ஒவ்வொன்றாகத் திருப்பி ஜோடி சேர்க்கச் சொல்லும் ஆட்டம். எண்ணம் நல்லதுதான். ஆனால் மறதி நோயில் அதிகம் காணப்படும் வகையான அல்சைமரில் முதலில் அடிபடுவதே சற்றுமுன் பார்த்ததை மனதில் நிறுத்தும் திறன். அந்த ஆட்டம் கேட்பதும் அதே திறனைத்தான். கால் ஒடிந்தவரிடம் ஓடிக்காட்டச் சொல்வது மாதிரி இது. நாலு தடவை தவறியதும் "எனக்கு வேண்டாம் மக்களே" என்று எழுந்து போவார். மறுநாள் சீட்டுக் கட்டைப் பார்த்தாலே முகத்தைத் திருப்புவார்.

புதிதாக நடப்பதைப் பதிந்து வைக்கும் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதி இந்நோயில் சீக்கிரம் பாதிக்கப்படுகிறது. கை பழகிய வித்தைகள் பதிந்திருப்பதோ சிறுமூளையிலும் மூளையின் ஆழத்தில் உள்ள வேறு பகுதிகளிலும். அவை நெடுநாள் தாங்கும். காலையில் புட்டு தின்றாரா தோசை தின்றாரா என்று சொல்லத் தெரியாதவர், கட்டைக் கையில் கொடுத்ததும் கலைத்து, வெட்டக் கொடுத்து, நாலு பேருக்கும் வரிசை பிசகாமல் போட்டுவிடுவது இதனால்தான். அந்தக் கையில் மிச்சம் இருப்பதை வைத்து ஆட்டத்தை அமைக்க வேண்டும். கீழே சொல்லும் எல்லா முறைகளுக்கும் அடிப்படை இது ஒன்றே.

சீட்டு ஆடினால் நோய் குணமாகாது. கிடைப்பது வேறு: மனநிலை தெளியும், பேச்சு வரும், பகலில் சும்மா உட்கார்ந்து தூங்கி வழிவது குறையும், வீட்டாரோடு ஓர் அரைமணி நேரம் சமமாக உட்கார்ந்த நிறைவு கிடைக்கும். இங்கிலாந்தில் ஏமி ஸ்பெக்டரும் அவருடைய குழுவினரும் 2003-ல் வெளியிட்ட ஆய்வில், 7 வாரம், வாரத்துக்கு 2 அமர்வு, ஒவ்வொன்றும் 45 நிமிடம் என்ற கணக்கில் குழுவாக விளையாட்டும் பேச்சும் நடத்தியபோது, லேசான, நடுத்தர நிலையில் இருந்தவர்களுக்குச் சிந்தனைத் திறனிலும் வாழ்க்கைத் தரத்திலும் ஓரளவு முன்னேற்றம் தெரிந்தது. சென்னையில் உள்ள ஸ்கார்ப் என்ற மனநல அமைப்பு அந்த முறையைத் தமிழ்நாட்டுக்கு ஏற்ப மாற்றியிருக்கிறது.

தொடங்கும் முன்

மறதிக்குக் காரணம் என்ன என்று டாக்டர் பார்த்திருக்க வேண்டும். பி12 குறைவு, தைராய்டு கோளாறு, மனச்சோர்வு, சில மருந்துகளின் பக்கவிளைவு ஆகியவையும் மறதி மாதிரியே காட்டும். இவற்றுக்கு வைத்தியம் உண்டு. நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ உங்களுக்குத் தோதான வேறு ஆஸ்பத்திரியோ, ஒரு தடவை முழுதாகக் காட்டிவிடுங்கள். இன்னொன்று: நேற்றுவரை நன்றாக ஆடியவர் ஒன்றிரண்டு நாளில் சட்டென்று சீட்டையே அடையாளம் தெரியாமல் தடுமாறினால் அது மறதி முற்றியது அல்ல. சிறுநீர்த் தொற்று, உடம்பில் நீர்ச்சத்தோ சோடியமோ குறைந்தது, விழுந்து தலையில் அடிபட்டது என்று ஏதாவது இருக்கலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

அடுத்து கண்ணாடி, காது. கண்புரை இருக்கிறவருக்கு எட்டும் ஆறும் ஒன்றுபோல் தெரியும். காது மந்தமானவர் "உங்க முறை" என்பதைக் கேட்டிருக்கவே மாட்டார். இரண்டையும் மறதிக் கணக்கில் எழுதிவிடுகிறோம்.

சீட்டு, பலகை, மேசை

கடையில் கிடைக்கும் சாதாரணக் காகிதச் சீட்டு நம் ஊருக்குச் சரிவராது. இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டம். ஈரத்தில் காகிதம் ஊதி ஒட்டிக்கொள்ளும். ஒன்று போடும்போது இரண்டு விழும். பெரியவர் எண்ணிக்கை தவறிக் குழம்புவார், தப்பு தன்னுடையது என்று நினைப்பார். பிளாஸ்டிக் சீட்டு வாங்குங்கள். ஆனால் பளபளப்பில்லாத மேட் வகையாகப் பாருங்கள், இல்லாவிட்டால் டியூப் லைட் வெளிச்சம் சீட்டில் பட்டு கண்ணில் அடிக்கும். மூலையில் எண் பெரிதாக அச்சிட்ட ஜம்போ வகை இருந்தால் நல்லது. எண் குறைந்தது 2 செ.மீ. உயரம் இருக்கட்டும். வாரம் ஒருமுறை ஈரத்துணியால் துடைத்துக் காய வைத்தால் பிசுபிசுப்பு இருக்காது.

நான்கு நிறக் கட்டு என்று ஒன்று விற்கிறார்கள். அதில் கிளாவர் பச்சை, டைமன் நீலம். பார்வை குறைந்தவருக்கு உதவும் என்பார்கள். சீட்டே ஆடிப் பழகாதவருக்கு அது சரி. ஐம்பது வருஷம் ஆடியவருக்குக் கொடுக்காதீர்கள், பச்சை கிளாவரை அவர் கை ஏற்காது. அவருக்கு இஸ்பேட், கிளாவர் இரண்டும் குழம்பினால் கட்டில் இருந்து ஒரு கறுப்பு இனத்தையும் ஒரு சிவப்பு இனத்தையும் எடுத்துவிட்டு, இஸ்பேடும் ஆட்டினும் மட்டும் வைத்து ஆடுங்கள். சீட்டின் பெயர்களையும் அவர் சொல்கிறபடியே சொல்லுங்கள். ஆட்டினை ஆடுதன் என்று சொல்லிப் பழகியவரிடம் ஆடுதன், ஜாக்கியைக் குலான் என்பவரிடம் குலான். திருத்தாதீர்கள்.

விரல் நடுங்குகிறவருக்கும் பக்கவாதம் வந்தவருக்கும் சீட்டை விசிறி மாதிரி பிடிப்பது பெரும்பாடு. மரக்கடையில் ரப்பர் மரத் துண்டு ஒன்று கேளுங்கள். நீளம் 35 செ.மீ., அகலம் 5 செ.மீ., உயரம் 4 செ.மீ. மேலே நீளவாக்கில் 3 மி.மீ. அகலம், 15 மி.மீ. ஆழத்துக்கு, கொஞ்சம் பின்னால் சாய்ந்த மாதிரி ஒரு ரம்ப வெட்டு போட்டுத் தரச் சொல்லுங்கள். 5 சீட்டு ஒன்றை ஒன்று மறைக்காமல் நிற்கும். ஆசாரியைத் தேட நேரமில்லையென்றால், துணி தேய்க்கும் புது பிரஷ் ஒன்றை நார் மேல்நோக்க வைத்தால் போதும். நாருக்கு நடுவில் சீட்டு நின்றுகொள்ளும்.

மேசையில் ஒரே நிறத் துணி விரியுங்கள், கரும்பச்சை அல்லது கருநீலம். பூப்போட்ட விரிப்பு வேண்டவே வேண்டாம். பூவைச் சீட்டென்று நினைத்து நகத்தால் கிள்ளி எடுக்கப் பார்ப்பார். ஜன்னல் பக்கவாட்டில் இருக்கட்டும், எதிரே வேண்டாம். டிவி சீரியல் ஓடுகிற அறையில் ஆட்டம் நடக்காது. நேரம் காலை 10 மணிவாக்கில், காப்பி குடித்து, கழிப்பறை போய் வந்த பிறகு. சாயங்காலம் 4 மணிக்கு மேல் பலருக்கும் பதற்றம் கூடும், அப்போது புதிதாக எதையும் தொடங்காதீர்கள். ரப்பர் பால் வெட்டப் போய் விடியுமுன் எழுந்தே பழகியவருக்கு 8 மணியே நல்ல நேரம். 20 நிமிடம் போதும். அவர் அலுக்கும் முன் நீங்கள் நிறுத்த வேண்டும்.

முதல் நாள்: கையைப் பாருங்கள்

முதல் நாள் ஆட்டமே வேண்டாம். கட்டை அவர் முன்னால் வைத்துவிட்டுச் சும்மா இருங்கள். எடுத்துக் கலைக்கிறாரா? வெட்ட நீட்டுகிறாரா? இரண்டு நிமிடம் காத்திருந்தும் தொடவில்லையென்றால் நீங்களே கலைத்து அவரிடம் நீட்டுங்கள். பிறகு ஒரு சிவப்பையும் ஒரு கறுப்பையும் மேசையில் வைத்து, அடுத்தடுத்து பத்து சீட்டைக் கையில் கொடுத்து எங்கே போடுகிறார் என்று பாருங்கள். நிறம் பிரிக்கிறாரா, இனம் பிரிக்கிறாரா, எண் வரிசை பார்க்கிறாரா என்பதில் இருந்தே எந்தப் படியில் தொடங்குவது என்று தெரிந்துவிடும். கேள்வி கேட்டுச் சோதிக்க வேண்டியதில்லை.

பழைய ஆட்டக்காரருக்கு: 28

படிப்பக வாசலிலும், ஆடி மாதக் கடல் கொந்தளிப்பில் படகு இறக்க முடியாத நாட்களில் கரையிலும், 28 என்ற சீட்டாட்டம் ஆடி வளர்ந்த ஆண்கள் இந்த மாவட்டத்தில் நிறைய. ஜாக்கிக்கு 3, ஒன்பதுக்கு 2, ஆஸுக்கு 1, பத்துக்கு 1. ஒரு இனத்துக்கு 7, நாலு இனத்துக்கு 28. ராஜாவை விட ஒன்பது பெரிது என்ற இந்தக் கோணல் வரிசை, ஆடியவர் கையில் கல்வெட்டு மாதிரி பதிந்திருக்கும். ஆடாதவருக்கு இப்போது கற்றுக்கொடுக்க முயலாதீர்கள்.

தடுக்கி விழும் இடம் வேறு. கவிழ்த்து வைத்த துருப்பு (மற்ற இனங்களை வெல்லும் இனம்) எது என்பதையும், யார் எவ்வளவு புள்ளி கேட்டார் என்பதையும் மனதில் வைத்திருப்பதுதான் கஷ்டம். ஆகவே கேட்பதை எடுத்துவிடுங்கள். துருப்பை வெளிப்படையாக வைத்துக்கொள்ளுங்கள். வேறொரு பழைய கட்டில் இருந்து அந்த இனத்துச் சீட்டு ஒன்றை எடுத்து, எல்லாரும் பார்க்க மேசை நடுவில் நிறுத்திவையுங்கள். ஆடுகிற கட்டில் குறைவு வராது, "துருப்பு எது?" என்ற கேள்வியும் வராது. இந்த ஆட்டத்துக்கான 32 சீட்டும் (ஏழு முதல் ஆஸ் வரை) அதிகமானால் இரண்டு இனம் மட்டும் வைத்து 16 சீட்டு, ஆளுக்கு 4. மொத்தம் 14 புள்ளி, 8 எடுத்த ஜோடி ஜெயித்தது. பழக்கப்பட்ட ஒருவரை அவருக்கு எதிரே ஜோடியாக உட்கார வையுங்கள்.

ரம்மி பழகியவருக்கு 13 சீட்டை 6 ஆக்கி, மூன்று மூன்றாக இரண்டு சேர்த்தால் போதும் என்று வையுங்கள். ஜோக்கர் வேண்டாம். ஒரே சீட்டுக்கு இரண்டு அர்த்தம் இருப்பது குழப்பம்.

கழுதை

நாலு பேரும் சேர்ந்து ஆட மிகவும் தோதான ஆட்டம் இதுவே, ஏனென்றால் ஒவ்வொரு முறையும் கேள்வி ஒன்றே: மேசையில் கிடக்கிற இனம் உங்கள் கையில் இருக்கிறதா? இருந்தால் அதையே போட வேண்டும், இல்லையென்றால் வேறொன்றைப் போட்டு வெட்டலாம். வெட்டு விழுந்தால், இறங்கிய இனத்தில் பெரிய சீட்டு போட்டவர் எல்லாவற்றையும் அள்ளிக்கொள்ள வேண்டும். வெட்டு விழாவிட்டால் அந்தச் சீட்டுகள் ஓரம் போகும்.

52 சீட்டும் வேண்டாம். ஆஸ், ராஜா, ராணி, ஜாக்கி, பத்து மட்டும் எடுத்தால் 20, ஆளுக்கு 5. மரப்பலகையில் சரியாக நிற்கும். பெரியவர் கை நிறைய அள்ள நேர்ந்தால் பலகை நிரம்பிப் பதறுவார். அப்போது அள்ளின சீட்டில் இரண்டை மட்டும் கொடுத்துவிட்டு மிச்சத்தை ஓரம் தள்ளுங்கள்.

பெயரையும் மாற்றுங்கள். மறதி உள்ளவருக்கு ஆட்ட விவரம் பத்து நிமிடத்தில் போய்விடும், ஆனால் எல்லாரும் சேர்ந்து "கழுதை" என்று சிரித்த அவமானம் சாயங்காலம்வரை நெஞ்சில் நிற்கும். எதனால் மனம் வாடியது என்று அவருக்கே தெரியாது. முதலில் சீட்டு தீர்ந்தவர் கரையேறினார் என்று சொல்லி அதோடு ஆட்டத்தை முடியுங்கள். கடைசி ஆள் யார் என்று பார்க்க வேண்டாம்.

வரிசைப் பட்டை

நடுத்தர நிலைக்கு வந்துவிட்டவருக்கு, சொல்லாமலே என்ன செய்ய வேண்டும் என்று கண்ணுக்குத் தெரிகிற ஆட்டம் வேண்டும். 60 செ.மீ. நீள சார்ட் பேப்பரில் சீட்டு அளவுக்கு 9 கட்டம் வரையுங்கள், ஒவ்வொன்றும் 6.5 செ.மீ. அகலம். 2 முதல் 10 வரை எண்களைப் பெரிதாக எழுதுங்கள். ஒரே இனத்தில் அந்த 9 சீட்டையும் கலைத்துக் கொடுத்தால், எண் பார்த்து எண்ணில் வைப்பார். ஐந்து நிமிடத்தில் முடியும், முடிந்தது கண்ணுக்குத் தெரியும். அமெரிக்காவில் கேமரன் கேம்ப் மாண்டிசோரிப் பள்ளி முறையை மறதி நோயாளிகளுக்கு ஏற்ப அமைத்ததும் இந்த வழியில்தான்: குறிப்பு பொருளிலேயே இருக்க வேண்டும், ஆளின் ஞாபகத்தில் அல்ல. இது சுலபமானால் கட்டத்தில் இருந்து எண்களை ஒன்றுவிட்டு ஒன்று அழித்த இன்னொரு பட்டை செய்யுங்கள்.

இருவர் ஆட "பெரிய சீட்டு" போதும். இரண்டு இனத்தில் 2 முதல் 10 வரை, 18 சீட்டு, ஆளுக்கு 9. இருவரும் ஒவ்வொன்று திருப்ப, பெரியது அள்ளும். சமமாக விழுந்தால் ஆளுக்கு ஒன்று.

சீட்டே ஆகாத வீட்டில்

சீட்டைத் தொடுவதே பாவம் என்று வளர்ந்த பெரியவர்கள், குறிப்பாகப் பழைய சபைக் குடும்பங்களில், இங்கே உண்டு. சீட்டால் சொத்து அழிந்ததைப் பார்த்தவர்களும் உண்டு. பெண்களில் பலர் தாயமும் பல்லாங்குழியும் ஆடியிருப்பார்களே தவிர ராஜா ராணியைத் தொட்டிருக்க மாட்டார்கள். அவர்களை வற்புறுத்துவது தவறு. அவர்களுக்குப் படச் சீட்டு செய்து கொடுங்கள். உண்மையில் கடைச் சீட்டை விட இதில்தான் பேச்சு அதிகம் பிறக்கும்.

மூன்று வகை, வகைக்கு 6, மொத்தம் 18 படம். மீன்: சாளை, நெத்திலி, அயலை, சூரை, வாளை, நெய்மீன். வாழை: மட்டி, செவ்வாழை, நேந்திரன், ரசகதலி, பாளையங்கோட்டான், பூவன். பூ: தோவாளைச் சந்தையில் கிடைக்கிற பிச்சி, மல்லி, கேந்தி, அரளி, சம்பங்கி, தாமரை. ஒரு படத்தில் ஒரே பொருள், வெள்ளைப் பின்னணி. போட்டோ லேபில் 4×6 அங்குலத்தில் மேட் பேப்பரில் பிரின்ட் எடுத்து, மேட் லேமினேஷன் போட்டு, மூலைகளை வட்டமாக வெட்டிவிடுங்கள். கூர் மூலை முதியவரின் மெல்லிய தோலைக் கிழிக்கும். ஜோடி சேர்க்க வேண்டுமென்றால் ஒவ்வொன்றிலும் இரண்டு பிரதி எடுங்கள். ஜோடி சேர்ப்பதை எப்போதும் படம் மேலே தெரிய வைத்தே ஆடுங்கள்.

மூன்று சுளகை வரிசையாக வைத்து, "ஆச்சி, மீனை இதுல போடுவோம், பழத்தை இதுல, பூவை இதுல" என்று ஒவ்வொரு சுளகிலும் முதல் படத்தை நீங்களே போட்டுத் தொடங்குங்கள். நெத்திலிப் படம் கைக்கு வந்ததும் மாங்காய் போட்ட குழம்புப் பேச்சு வந்தால் ஆட்டத்தை நிறுத்திக் கேளுங்கள். அந்தப் பேச்சுக்காகத்தானே சீட்டு.

படத்துக்குக் கீழே பெயர் எழுதுவதாக இருந்தால் ஒரு விஷயம். இந்த மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது 1956 நவம்பர் 1-ல். அதற்கு முன் பள்ளிக்கூடம் போனவர்களில் மலையாளம் படித்தவர்களும் இருக்கிறார்கள். பின்னால் கற்ற தமிழ் எழுத்து மங்கி, முதலில் கற்ற எழுத்து நிற்கலாம். வாசிக்கத் தடுமாறினால் மலையாளத்தில் எழுதிப் பாருங்கள்.

பேசும் விதம்

"இது என்ன சீட்டு, சொல்லுங்க பார்ப்போம்? இப்பதான சொன்னேன், மறந்துட்டீங்களா?" என்று கேட்பது பரீட்சை.

"பாட்டா, இது ஒன்பது. அடுத்தது பத்து. பத்து உங்க கையிலதான் இருக்கு, இங்க வச்சிருங்க." இது விளையாட்டு.

இரண்டாவது முறையில் தவறு நடக்க இடமே இல்லை என்பதைக் கவனியுங்கள். தவறிய பிறகு திருத்துவதை விட, தவறும் முன் கைகாட்டுவது முக்கியம். திருத்தியது அவர் நினைவில் நிற்காது. ஆனால் தவறாகச் செய்த கை அதையே பழக்கமாக்கிக்கொள்ளும். ஒரு நேரத்தில் ஒரே வாக்கியம், பிறகு மனதுக்குள் பத்து எண்ணும்வரை பொறுமை. பேரப்பிள்ளைகள் இங்கேதான் அவசரப்படுவார்கள். அவர் கையில் இருந்து சீட்டைப் பிடுங்கிப் போடக் கூடாது என்பதை மட்டும் அவர்களிடம் கண்டிப்பாகச் சொல்லி வையுங்கள். எப்போதும் விட்டுக்கொடுத்துத் தோற்கவும் வேண்டாம், அவருக்குத் தெரிந்துவிடும்.

பணம் வைத்து ஆடக் கூடாது, பத்து ரூபாய் ஆனாலும். "என் காசை எடுத்துட்டான்" என்ற சந்தேகம் இந்நோயில் சாதாரணமாக வரும், பிறகு அதைக் கழற்ற முடியாது. புள்ளிக்குப் புளியங்கொட்டை போதும். வாயில் எதையும் போடுகிற நிலை வந்துவிட்டால் அதுவும் வேண்டாம். அவர் போனில் பணம் கட்டி ஆடும் ரம்மி செயலி இருந்தால் இன்றே நீக்குங்கள்.

நோய்க்கு ஏற்ற மாற்றங்கள்

பக்கவாதத்துக்குப் பிறகு சிலருக்கு இடப்பக்கம் இருப்பதே மூளைக்கு எட்டாது. கண்ணில் கோளாறு இருக்காது, ஆனாலும் இடதுபுறச் சீட்டை எடுக்கமாட்டார். எல்லாவற்றையும் நடுவிலும் வலப்புறமும் வையுங்கள். லூயி பாடி வகை மறதியில் இல்லாத ஆட்கள் கண்ணுக்குத் தெரிவதுண்டு. அவருக்கு ராஜா, ராணி, ஜாக்கி முகங்கள் உயிருள்ள ஆட்களாகிப் பயமுறுத்தலாம், எண் சீட்டு மட்டும் வையுங்கள். மூளையின் முன்பகுதி பாதித்த வகையில் விதிகளை மதிக்காமல் அள்ளிக்கொண்டே போவார். சண்டை வேண்டாம், பிரித்து அடுக்கும் வேலைக்கு மாறிவிடுங்கள்.

குழுவாக ஆடுவதென்றால் ஒரு மேசைக்கு 4 பேர், கூட 2 உதவியாளர். பங்கு மண்டபமோ படிப்பகமோ எந்த இடமானாலும் மின்விசிறிக் காற்று சீட்டைப் பறக்கடிக்கும், அதைப் பார்த்து மேசையைப் போடுங்கள்.

ஒரு நோட்டு வையுங்கள். தேதி, நேரம், ஆட்டம், எத்தனை சீட்டு, எத்தனை நிமிடம், முகம் எப்படி இருந்தது: இவ்வளவு போதும். ஒரு நாள் மோசமாகப் போனால் விட்டுவிடுங்கள், தூக்கமில்லாத ராத்திரியாக இருந்திருக்கலாம். மூன்று அமர்வு தொடர்ந்து தடுமாறினால் ஒரு படி இறங்குங்கள்: முதலில் சீட்டின் எண்ணிக்கையைக் குறையுங்கள், பிறகு இனங்களை, அதன் பிறகே ஆட்டத்தை மாற்றுங்கள். கடைசிப் படிகளில் விதியே இருக்காது. சிவப்பை ஒரு பக்கமும் கறுப்பை ஒரு பக்கமும் போடுவார், பிறகு அதுவும் நின்று, நீங்கள் ஒரு சீட்டை நீட்ட அவர் வாங்கித் திருப்பித் தருவார். அந்த நிலையிலும் கட்டை அவர் உள்ளங்கையில் வைத்து, உங்கள் கையை அவர் கைக்கு அடியில் கொடுத்து மெல்லக் கலைத்துப் பாருங்கள். விரல்கள் தாமாக அசையத் தொடங்கினால் உங்கள் கையை எடுத்துவிடலாம்.